மெக்சிகோவின் பீன்ஸும் மின்பானையும்

உணவுப் பண்டங்களின் பெயர்கள் சில வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடுகின்றன. மெக்சிகோ நாட்டு மக்கள் காலையிலும் இரவிலும் விரும்பி உண்ணும் ஒரு பண்டத்திற்கு ‘ஃபிரிஹோலஸ் ரெஃபிரீத்தோஸ்’ என்று பெயர். ஆங்கிலத்தில் இதனை ‘ரீஃபிரைடு பீன்ஸ்’ என்பர். அதாவது, மறுபடியும் பொரித்த பீன்ஸ். ஆனால் இப்பண்டம் இருமுறை பொரிக்கப்படுவதே இல்லை. விதைகள் முதலில் நீரில் வேகவைக்கப்படுகின்றன. பின்னர் கொழுப்பில் ஒரே ஒருமுறை வதக்கி மசிக்கப்படுகின்றன. மெக்சிகோ மக்களின் ஸ்பானியப் பேச்சில் ‘ரெ’ என்னும் முன்னொட்டு ‘நன்றாக’, ‘மிகவும்’ என்ற அழுத்தத்தைத் தருவதும் உண்டு. ஆகவே ‘நன்கு வதக்கிய பீன்ஸ்’ என்பதே இதன் சரியான பொருள். மெக்சிகோவில் நெடுங்காலம் வாழ்ந்து அந்நாட்டுச் சமையலை ஆராய்ந்த டயானா கென்னடி என்ற அம்மையார், 1972இல் வெளியிட்ட தம் நூலில் ஆங்கில வாசகர்களுக்கு இதை எடுத்துரைத்தார்.

இப்பண்டத்தை இன்று பலர் ‘ஸ்லோ குக்கர்’ எனப்படும் மின்பானையில் வீட்டிலேயே செய்கின்றனர். விதையையும் நீரையும் இட்டு மூடிப் பொத்தானைத் திருப்பிவிட்டால் போதும். ஏழெட்டு மணி நேரத்தில் விதை குழைந்துவிடும். அருகில் நின்று கிளற வேண்டியதில்லை. அடிப்பிடிக்குமோ என்ற கவலையும் இல்லை. இந்த மின்பானை தொடக்கத்தில் பீன்ஸ் வேகவைப்பதற்கான கருவியாகவே விற்கப்பட்டது. அவ்வாறிருந்தும், உலர்ந்த பீன்ஸை நேரே இதில் இட்டு வேகவைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு நிறுவனங்கள் எச்சரிக்கின்றன. பீன்ஸுக்காகவே பிறந்த பானை பீன்ஸுக்கே ஆகாமற் போனது எப்படி? இக்கேள்விக்கு விடை காண, அந்த விதையின் வரலாற்றையும் பானையின் வரலாற்றையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

பிறந்த நாடு எது?

நாம் பொரியலுக்கு வாங்கும் பச்சை பீன்ஸ் காயும், வட இந்தியர் விரும்பும் ராஜ்மாவும், மெக்சிகோவின் கருப்பு பீன்ஸும், புள்ளிகள் நிறைந்த பின்டோ பீன்ஸும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. ‘ஃபேசியோலஸ் வல்காரிஸ்’ என்பது அவ்வினத்தின் அறிவியற் பெயர். இளங்காயாகப் பறித்தால் காய்கறி. முற்றவிட்டு உலர்த்தினால் பயறு. நம் நாட்டு அவரையும் மொச்சையும் இதற்கு உறவினவே ஆயினும் வேறு இனத்தைச் சேர்ந்தவை.

இதற்குப் பெயரிட்டவர் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ். 1753இல் வெளிவந்த தம் நூலில் இதன் தாயகம் இந்தியா என்று அவர் குறித்திருந்தார்! அக்காலத்தில் இது உலகெங்கும் பரவிவிட்டிருந்ததால், புதிய உலகிலிருந்து வந்த செடி என்பது ஐரோப்பியருக்கு எளிதில் விளங்கவில்லை. 1880ஆம் ஆண்டளவில் ஜெர்மன் தாவரவியலார் லுட்விக் விட்மாக், பெரு நாட்டில் அங்கோன் என்னுமிடத்துப் பழைய இடுகாட்டில் கிடைத்த விதைகளைச் சோதித்தார். கொலம்பஸ் வருவதற்கு முன்பே அமெரிக்காவில் பீன்ஸ் பயிரிடப்பட்டது என்பதற்கு அவை சான்றாயின. பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி உலகைச் சுற்றிய ரஷ்ய அறிஞர் வவிலோவ் 1930இல் மெக்சிகோவிற்குச் சென்றார். தென் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் பயிர்கள் தோன்றிய பெரும் மையங்களுள் ஒன்று என அவர் நிறுவினார்.

காலத்தை அறுதியிடுவதிலும் ஒரு திருத்தம் நேர்ந்தது. மெக்சிகோவின் தெவாக்கான் பள்ளத்தாக்குக் குகைகளில் 1960களில் அகழ்வாய்வு நடந்தது. அங்குக் கிடைத்த பீன்ஸ் விதைகள், அவை புதைந்திருந்த மண்ணடுக்கின் வயதைக் கொண்டு, ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுப் பழமையுடையவை எனக் கருதப்பட்டன. பின்னர் ஒரு சிறு துணுக்கைக் கொண்டே கதிரியக்கக் கரிமக் கணிப்புச் செய்யும் நுட்பம் வந்தது. அதனால் விதையையே நேரடியாகச் சோதிக்க முடிந்தது. 1999இல் வெளியான முடிவின்படி தெவாக்கான் விதைகளின் வயது சுமார் 2,300 ஆண்டுகள்தாம். பெருவின் கித்தரேரோ குகை விதைகளோ சுமார் 4,300 ஆண்டுப் பழமையுடையவை. சிறிய விதைகள் எலி வளைகள் வழியாகவும் மண் சரிவினாலும் கீழடுக்குகளுக்கு இறங்கிவிடக்கூடும் என்ற பாடத்தைத் தொல்லியலார் இதனால் கற்றனர். எனினும் கிடைத்த விதை ஒரு கீழ் எல்லையை மட்டுமே காட்டும். பயிர்த்தொழில் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். மரபணு ஆய்வாளர்கள் அதனைச் சுமார் 8,000 ஆண்டுகள் எனக் கணிக்கின்றனர். மெக்சிகோவிலும் ஆண்டிஸ் மலைப் பகுதியிலும் மக்கள் இக்காட்டுக்கொடியைத் தனித்தனியே பழக்கப்படுத்தினர் என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

மூன்று பயிர்களின் கூட்டு

மெக்சிகோ உழவர்கள் பீன்ஸைத் தனியே விதைக்கவில்லை. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி ஆகிய மூன்றையும் ஒரே வயலில் வளர்த்தனர். இம்முறைக்கு ‘மில்பா’ என்று பெயர். மக்காச்சோளத் தட்டை பீன்ஸ் கொடிக்குக் கொழுகொம்பாயிற்று. பூசணியின் அகன்ற இலைகள் மண்ணை மூடி ஈரத்தைக் காத்தன, களையையும் அடக்கின. பீன்ஸின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி ஏற்கும் உப்பாக மாற்றிக் கொடுத்தது. இம்முடிச்சுகளின் பணியை ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இருவர் 1886க்கும் 1888க்கும் இடையில் நிறுவினர். மெக்சிகோ உழவர்களோ காரணம் அறியாமலே பயனைப் பல நூற்றாண்டுகளாக நுகர்ந்து வந்தனர்.

வயலில் இருந்த இக்கூட்டு தட்டிலும் தொடர்ந்தது. நம் உடலால் ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் சில உள்ளன. அவற்றை உணவிலிருந்தே பெற வேண்டும். மக்காச்சோளப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பீன்ஸில் அது மிகுதி. பீன்ஸில் மெத்தியோனைன் குறைவு. மக்காச்சோளம் அதை ஈடுசெய்கிறது. மக்காச்சோள ரொட்டியுடன் பீன்ஸ் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவாக்குகிறது. நம்மவர் அரிசியோடு பருப்பைச் சேர்ப்பதும் இதே கணக்குத்தான். கறவை மாடும் ஆடும் இல்லாத ஒரு நாட்டில் பெருநகரங்கள் எழுந்து நிலைபெற்றதற்கு இக்கூட்டுணவு ஒரு முதன்மையான காரணம் எனலாம்.

அஸ்டெக் பேரரசுக்குக் குடிமக்கள் செலுத்திய திறையிலும் பீன்ஸ் இடம்பெற்றது. ஸ்பானியர் வெற்றிக்குப் பின், சுமார் 1541இல், மெக்சிகோ நகரில் ‘மெண்டோசா ஏடு’ என்னும் படச்சுவடி தொகுக்கப்பட்டது. அது இன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. எந்தெந்த ஊர் எவ்வளவு திறை செலுத்தியது என்பதைக் காட்டும் அச்சுவடியில், மக்காச்சோளம், பீன்ஸ் முதலிய தானியங்கள் நிறைந்த மரக் குதிர்கள் வரையப்பட்டுள்ளன. அஸ்டெக் மக்களின் நாவாத்தல் மொழியில் பீன்ஸுக்கு ‘ஏத்ல்’ என்று பெயர்.

மண்பானையும் கொழுப்பும்

அம்மக்கள் பீன்ஸைச் சமைத்த கலம் ‘ஓய்யா’ எனப்படும் மண்பானை. வயிறு பருத்து வாய் குறுகிய அப்பானையை அடுப்பின்மேல் வைத்து மூன்று மணி, நான்கு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். நீர் வற்றினால் வெந்நீர் சேர்ப்பார்கள். ‘எபசோத்தே’ என்னும் மணமுள்ள கீரையைக் கடைசியில் இடுவதும் உண்டு. இன்றும் ‘பானை பீன்ஸ்’ என்ற பெயரில் இது சாறோடு கிண்ணத்தில் பரிமாறப்படுகிறது. மெக்சிகோவின் தெற்கிலும் வளைகுடாக் கரையிலும் கருப்பு பீன்ஸும், வடக்கில் பின்டோவும் வெளிர்நிற வகைகளும் விருப்பமானவை.

இவ்வளவு நேரம் கொதிக்கவிடுவதற்கு இயற்பியற் காரணமும் ஒன்று உண்டு. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், நம் உதகமண்டலத்தின் உயரத்தை ஒட்டி, அமைந்துள்ளது. அங்குக் காற்றழுத்தம் குறைவு. ஆகவே நீர் 100 டிகிரி செல்சியஸை எட்டுமுன்னரே, ஏறக்குறைய 92 அல்லது 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. நெருப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பானையின் வெப்பநிலை அதற்கு மேல் ஏறாது. வெப்பநிலையில் உள்ள குறையை அங்குள்ளோர் நேரத்தால் ஈடுசெய்தனர்.

ஆனால் பொரித்தல் என்னும் செயல் பழைய மெக்சிகோவில் அரிது. அங்கு வளர்த்த விலங்குகள் வான்கோழியும் நாயும் போன்ற சிலவே. சமையலுக்கு வேண்டிய அளவு கொழுப்பு கிடைக்கவில்லை. 1519இல் கோர்த்தெஸ் தலைமையில் ஸ்பானியர் கரையிறங்கினர். 1521இல் அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான் வீழ்ந்தது. வெற்றியாளரைத் தொடர்ந்து பன்றிகளும் வந்தன, பெருகின. பன்றிக் கொழுப்பு சமையலறைக்குள் நுழைந்தது. பானையில் வெந்த பழைய உணவு, இரும்புச் சட்டியில் கொழுப்போடு சேர்ந்து புதிய பண்டமாயிற்று. ஆகவே ‘ரெஃபிரீத்தோஸ்’ இரு உலகங்களின் கலப்பில் பிறந்தது; விதை அமெரிக்காவினுடையது, கொழுப்பும் பெயரும் ஸ்பெயின் தந்தவை. மறுபுறம், பீன்ஸ் விதை கப்பலேறி ஐரோப்பாவிற்கும் பின்னர் ஆசியாவிற்கும் சென்றது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இன்று விளையும் பீன்ஸ் அப்பயணத்தின் தொடர்ச்சியே.

வில்னாவிலிருந்து சிகாகோவிற்கு

கப்பலேறிய பீன்ஸ் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பானையையும் அடைந்தது. நம் மின்பானையின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. யூத சமயத்தார் வெள்ளிக்கிழமை கதிரவன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு வரை ஓய்வுநாள் காப்பர். அப்போது நெருப்பு மூட்டுவதோ சமைப்பதோ கூடாது. ஆயினும் சனிக்கிழமை நண்பகலில் சூடான உணவு வேண்டும். இதற்கு அவர்கள் கண்ட வழி ‘சோலன்ட்’ என்னும் கூட்டு. பீன்ஸ், பார்லி, இறைச்சி ஆகியவற்றைப் பானையிலிட்டு, வெள்ளிக்கிழமை பகலிலேயே சூடேற்றி, ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்கள். நெருப்பு அணைந்தும் தணலின் சூடு தணியாத அவ்வடுப்பில் பானை இரவெல்லாம் மெல்ல வெந்துகொண்டிருக்கும். இங்கு ஒரு விதியை நாம் நினைவில் கொள்ளல் வேண்டும்: ஓய்வுநாள் தொடங்குமுன் உணவு ஓரளவேனும் வெந்திருக்க வேண்டும் என்பது யூதச் சமய மரபு.

லித்துவேனியாவின் வில்னா நகரில் தன் தாய் இவ்வாறு சமைத்ததை ஓர் அம்மையார் அமெரிக்காவில் தம் மகனிடம் கூறினார். அம்மகன் இர்விங் நாக்சன் என்னும் மின்பொறியாளர். மண்கலத்தைச் சுற்றி மின்கம்பிச் சுருளை அமைத்து, எல்லாப் பக்கமும் சீராகச் சூடேறுமாறு ஒரு சமையற் கருவியை அவர் வடிவமைத்தார். அடியில் மட்டும் நெருப்பு இருந்தால் அடிப்பிடிக்கும். சுற்றிலும் மென்சூடு இருந்தால் பிடிக்காது. 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1940இல் அது வழங்கப்பட்டது. சிகாகோவில் இருந்த அவருடைய நிறுவனம் அதனை ‘நாக்சன் பீனரி’, அதாவது பீன்ஸ் வேகவைக்கும் கலம், என்ற பெயரில் விற்றது.

1970இல் கேன்சஸ் நகரின் ரைவல் நிறுவனம் நாக்சனின் தொழிலை வாங்கியது. கருவியின் தோற்றத்தை மாற்றி, இறைச்சிக் குழம்பு முதல் பல பண்டங்களுக்கும் குறிப்புகள் எழுதி, ‘கிராக்-பாட்’ என்ற புதுப்பெயருடன் 1971இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கழுவுவதற்கு எளிதாக உட்கலத்தைத் தனியே எடுக்கும் அமைப்பு 1974இல் வந்தது. வேலைக்குச் செல்லும் பெண்களின் எண்ணிக்கை பெருகிய காலம் அது. 1973இன் எண்ணெய் நெருக்கடியால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் கருவிக்கு மதிப்புக் கூடியிருந்தது. காலையில் பொருள்களை இட்டுவிட்டுச் சென்றால் மாலையில் உணவு ஆயத்தமாக இருக்கும். 1971இல் 20 இலட்சம் டாலராக இருந்த விற்பனை 1975இல் 9 கோடியே 30 இலட்சம் டாலராக உயர்ந்தது.

கொதிக்காத பானை

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பீன்ஸ் விதை தன்னை உண்ண வரும் விலங்கிலிருந்து தற்காத்துக்கொள்ள ஒரு புரதத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. ‘லெக்டின்’ என்னும் வகையைச் சேர்ந்த அதற்கு ‘ஃபைட்டோஹீமக்ளூட்டினின்’ என்று பெயர். இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்கும் தாவரப் பொருள் என்பது அச்சொல்லின் பொருள். இவ்வகைப் புரதத்தின் செயலை 1888இல் எஸ்தோனியாவின் டார்ப்பாட் பல்கலைக்கழகத்தில் ஸ்டில்மார்க் என்பவர் ஆமணக்கு விதையில் முதலில் கண்டார். பீன்ஸ் லெக்டின் வயிற்றில் எளிதில் செரிப்பதில்லை. குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களின் சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு அவற்றைச் சிதைக்கிறது. உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் குமட்டலும் கடும் வாந்தியும், பின்னர் வயிற்றுப்போக்கும் உண்டாகின்றன. பெரும்பாலோர் சில மணி நேரத்தில் தேறிவிடுவர். எனினும் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததும் உண்டு. நான்கைந்து பச்சை விதைகளே இதற்குப் போதும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கையேடு கூறுகிறது.

இவ்விதையை இத்தனை காலம் உண்டு வந்தும் இந்நோய் தனியே பேசப்படாததற்குக் காரணம், எவரும் அதைப் பச்சையாக உண்ணவில்லை என்பதே. பிரிட்டனில் 1976இல் விடுமுறைப் பயணம் சென்ற பள்ளிச் சிறுவர் சிலர், இரவு முழுதும் ஊறிய சிவப்பு பீன்ஸை வேகவைக்காமலே உண்டு நோயுற்றனர். அதன் பிறகு மருத்துவர்களின் கவனம் இதில் திரும்பியது. 1976 முதல் 1989 வரை அந்நாட்டில் இத்தகைய ஐயத்திற்குரிய நிகழ்ச்சிகள் 50 பதிவாயின. 2006இல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை பீன்ஸைச் சில நிமிடம் மட்டும் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவி உண்டால் உடல் இளைக்கும் என்றது. அதைப் பின்பற்றியோரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது.

லெக்டினின் அளவை, இரத்த அணுக்களை ஒட்டவைக்கும் திறனைக் கொண்டு அலகுகளில் அளக்கின்றனர். பச்சைச் சிவப்பு பீன்ஸில் இது 20,000 முதல் 70,000 அலகு. நன்கு வெந்தபின் 200 முதல் 400 அலகே. வெள்ளை வகைகளில் சிவப்பு வகையின் மூன்றில் ஒரு பங்கு அளவு உள்ளது. இவ்வளவையும் அழிப்பது கொதிநீரின் வெப்பம். புரதம் என்பது குறிப்பிட்ட வடிவில் மடிந்த நீண்ட சங்கிலி. போதிய வெப்பத்தில் அம்மடிப்பு குலைந்து செயலிழக்கிறது. வெப்பம் போதாவிட்டால் குலைவதில்லை.

மின்பானையின் குறை இங்கேதான் உள்ளது. அதில் சமைத்த உணவுகளைச் சோதித்தபோது, உள்வெப்பம் பல வேளைகளில் 75 டிகிரியைத் தாண்டவில்லை. இதைவிட வியப்பானது மற்றொன்று: சுமார் 80 டிகிரி வரை மட்டும் சூடேறிய பீன்ஸ், பச்சை பீன்ஸைக் காட்டிலும் ஐந்து மடங்கு வரை நச்சுத்தன்மை மிகக்கூடும் என்று மேற்கூறிய கையேடு குறித்துள்ளது. அரைவேக்காடு பச்சையைவிடத் தீங்கானது என்பதே இதன் பொருள். விதையிலுள்ள மாவுப்பொருள் 100 டிகிரிக்குக் குறைந்த வெப்பத்திலேயே நீரை உறிஞ்சி இளகத் தொடங்கிவிடும். ஆகவே விரலுக்கு மெத்தென்று இருப்பதை மட்டும் கொண்டு பாதுகாப்பானது என்று முடிவு செய்ய இயலாது.

மெக்சிகோவின் மண்பானை மணிக்கணக்கில் தளதளவென்று கொதித்தது. உயரமான மேட்டு நிலத்தில் கொதிநிலை சற்றுக் குறைவு என்றாலும் நீண்ட நேரம் அதனை ஈடுசெய்தது. வில்னாவின் பானை ரொட்டி அடுப்புக்குப் போகுமுன்னரே ஓரளவு வெந்திருந்தது. இருவரும் லெக்டின் என்ற சொல்லைக் கேட்டதில்லை. எனினும் அதற்கான தற்காப்பு அவர்கள் கைப்பழக்கத்திலேயே அடங்கியிருந்தது. புதிய கருவி இரவெல்லாம் நீடிக்கும் மென்சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. அதற்கு முந்திய கொதியை விட்டுவிட்டது. நம் வீடுகளில் ராஜ்மாவை ஊறவைத்து அழுத்தக் கொதிகலனில், அதாவது பிரஷர் குக்கரில், வேகவைக்கும்போது இத்தொல்லை இல்லை. அதனுள் வெப்பம் சுமார் 120 டிகிரியை எட்டுகிறது.

இந்நஞ்சு மனிதனுக்கு உதவியதும் உண்டு. அமெரிக்க மருத்துவர் பீட்டர் நோவல், இரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைப் பிரிப்பதற்காகப் பயன்பட்ட பீன்ஸ் லெக்டின், வெள்ளணுக்களைப் பிளந்து பெருகத் தூண்டுவதை 1960இல் கண்டறிந்தார். பிளவுறும் அணுக்களில்தான் குரோமோசோம்களைத் தெளிவாகக் காண இயலும். ஒரு சிறிது இரத்தத்தைக் கொண்டே மனிதக் குரோமோசோம்களைச் சோதிக்கும் முறை பரவ இது வழிவகுத்தது.

வீட்டில் செய்யும் முறை

அறிந்த காரணங்களோடு செய்முறையைக் காண்போம். உலர்ந்த பின்டோ அல்லது கருப்பு பீன்ஸ் 500 கிராம் எடுத்துக் கல் பொறுக்கிக் கழுவுக. பின்டோ கிடைக்காவிடில் ராஜ்மாவும் ஆகும். நிறைய நீரில் குறைந்தது ஐந்து மணி நேரம், இயன்றால் இரவு முழுதும், ஊறவைக்கவும். ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்கள் சிறிது அந்நீரோடு போய்விடும். கரைந்து வந்த லெக்டினும் நீங்கும்.

அடுத்து, சாதாரணப் பாத்திரத்தில் புதுநீர் ஊற்றி, அடுப்பில் வைத்து, நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 30 நிமிடம் கொதிக்கவிடுக. பத்து நிமிடம் போதும் என்று கூறுவோரும் உளர்; விதையின் உள்ளே வரை வெப்பம் சேர்வதை உறுதிசெய்ய முப்பது நிமிடம் நல்லது. மலைநாட்டில் வாழ்வோர் இன்னும் சிறிது கூட்டிக்கொள்ளலாம். இப்படியை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

இனி, விதைகளை மின்பானைக்கு மாற்றி, விதைக்கு மேல் சுமார் 5 சென்டிமீட்டர் நிற்குமாறு வெந்நீர் ஊற்றுக. பாதி வெங்காயமும் இரண்டு பூண்டுப் பற்களும் உப்பும் சேர்க்கலாம். உப்பிட்டால் விதை வேகாது என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. விதையின் உயிரணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்குகிறது. உப்பிலுள்ள சோடியம் அக்கால்சியத்தின் இடத்தைப் பற்றி இளகவே உதவுகிறது. உண்மையில் தடை செய்வது புளிப்பு. ஆகவே தக்காளியும் எலுமிச்சையும் விதை வெந்தபின் சேர்க்கத் தக்கவை. குறைந்த சூட்டில் ஏழெட்டு மணி நேரம் வைத்தால் விதைகள் குழைந்து வரும். நெடுநாள் கிடங்கில் கிடந்த பழைய விதையாயின் கூடுதல் நேரம் ஆகும். வெந்த சாற்றைக் கொட்டாமல் எடுத்து வைக்கவும்.

இறுதிப் படி இரும்புச் சட்டியில் நடைபெற வேண்டும். மூன்று நான்கு மேசைக்கரண்டி பன்றிக் கொழுப்போ எண்ணெயோ காயவைத்து, நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குக. பீன்ஸைச் சிறிது சிறிதாகச் சாற்றுடன் சேர்த்துப் பருப்பு மத்தால் மசித்தபடியே கிளறவும். நீர் வற்றி, கூழ் சட்டியின் பக்கங்களை விட்டுத் திரண்டு வரும்போது இறக்கலாம். நீர் உள்ள பானையில் வெப்பம் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. சட்டியின் அடியிலோ அதற்கும் மிக அதிகமாக ஏறும். அந்த வெப்பத்தில்தான் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுபட்ட மணத்தையும் தருகின்றன. மின்பானையிலேயே மசித்துப் பரிமாறினால் வெந்த பீன்ஸ் கூழ் கிடைக்கும். ‘நன்கு வதக்கிய பீன்ஸ்’ கிடைக்காது. உதிர்த்த பாலாடைக்கட்டி தூவி மக்காச்சோள ரொட்டியுடன் உண்பது மெக்சிகோ வழக்கம். மீதத்தை வெளியில் வைத்திராமல், ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி விரைவில் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுதல் வேண்டும்.

ஆக, மின்பானை செய்து தருவது இப்பண்டத்தின் நடுப்பகுதியை மட்டுமே. தொடக்கத்திலுள்ள கொதி உடலைக் காக்கிறது. முடிவிலுள்ள வதக்கல் பெயருக்கேற்ற சுவையைத் தருகிறது. இரண்டும் இன்னும் சமைப்பவர் பொறுப்பிலேயே உள்ளன. சமையலறைக்குப் புதிய கருவி ஒன்று வரும்போது அது எந்த வேலையைக் குறைக்கிறது என்று மட்டும் பார்த்து மகிழ்கிறோம். பழைய முறையில் இருந்த எந்தப் படி அதில் இல்லாமற் போயிற்று, அப்படி எதற்காக இருந்தது என்றும் கேட்டறிதல் வேண்டும். பாட்டியின் பானை அரைமணி நேரம் தளதளவென்று கொதித்ததற்கான காரணத்தை அவர் சொல்லாமற் போயிருக்கலாம். இன்று அறிவியல் அதனை நமக்குச் சொல்கிறது.